மூன்றாவது காப்பி

7

"அனுப்பினேன் நைனா. ஒருத்தருக்கு இல்ல, மூணு பேருக்கு அனுப்பினேன்."

லட்சுமியம்மாள் ஒரு தாளை மேஜைமேல் வைத்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க அதன் தலையில் ஒரு சங்கிலிக் கண்ணியை வைத்தார். திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டையில் கிரேனுக்குச் சங்கிலி விற்கும் கடை அவருடையது.

துப்பறிவாளர் அசன் முகைதீன் கண்ணியை நகர்த்திவிட்டுப் படித்தார். 2006 நவம்பர் ஆறு, திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபது. சென்ற மாதம் அனுப்பிய சங்கிலிகளில் ஒரு தொகுதி பழுது, உடனே கிரேனிலிருந்து கழற்றிவிடுங்கள், மாற்றுச் சங்கிலி வருகிறது. அவ்வளவுதான் மெயில்.

அந்த மெயிலை கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்பாலையில் யாரும் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, சங்கிலி அறுந்தது. அடியில் நின்றவள் ஸ்ரீஜா. ஆய்வுக்கூடத்தில் வேலை, வயது இருபத்தாறு. உருக்கிய இரும்பில் மாதிரி எடுக்க வந்திருந்தாள். அந்த இடத்திலேயே இறந்தாள்.

"போன் பண்ணியிருக்கலாமே அம்மா?"

"பண்ணாம இருப்பேனா? ஆபரேட்டர் பொண்ணு எடுத்துச்சு. எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்கம்மான்னு வெச்சிருச்சு. அந்தக் கம்பெனில தும்மறதா இருந்தாக்கூட எழுதிக் குடுக்கணும்."

"ரெண்டாவது தும்மலுக்குக் காப்பி எடுக்கணுமாம்மா?" என்று கேட்டான் குப்புராஜ். அசன் முகைதீனின் உதவியாளன். வாய்க்குச் சம்பளம் என்று ஒன்று இருந்தால் இரண்டு சம்பளம் வாங்கியிருப்பான்.

லட்சுமியம்மாள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணை நான் பாத்திருக்கேன். சங்கிலிக்கு டெஸ்ட் சர்டிபிகேட் சரியில்லன்னு இங்கயே வந்து சண்டை போட்டுச்சு. அவ கைக்கு மட்டும் இந்தப் பேப்பர் போயிருந்தா ஓடிப்போய் கிரேனை நிறுத்தியிருப்பா."

வெளியே வந்ததும் அசன் முகைதீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றரை. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வார்ப்பாலைக்கு வருகிறார். மெயிலை வேண்டுமென்றே மறைத்தான் என்று, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் துளசிராமனைக் கூட்டிப்போக.

*

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் குப்புராஜின் பைக்கில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் அசன் முகைதீனின் காதில் ஸ்ரீவிஷ்ணுவின் குரல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ரீவிஷ்ணு, ஸ்ரீஜாவின் கணவன். அதே வார்ப்பாலையில் கொள்முதல் பிரிவில் அசிஸ்டெண்ட். அப்பா ராமஸ்வாமி திருவள்ளூர்க் கோயிலில் கைங்கர்யம் செய்பவர். போன ஞாயிற்றுக்கிழமை பையன் அசன் முகைதீனின் ஆபீஸுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அழவில்லை. அழுகிற கட்டத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டவனைப் போல இருந்தான்.

"பேர் மட்டும் சொல்லுங்கோ சார். அந்த மெயிலை அவ கைக்கு வராம பண்ணினது யாருன்னு. துளசிராமன்தான்னா அவர்தான்னு சொல்லுங்கோ. இல்லேன்னா யாருன்னு சொல்லுங்கோ. தப்பான பேரை வெச்சுண்டு என்னால இருக்க முடியல."

"பேர் தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"தெரியல சார்" என்றான்.

கண்டுபிடித்துத் தருவதாக அசன் முகைதீன் வாக்குக் கொடுத்தார். கொடுத்திருக்கக் கூடாது.

"இன்னா பாய், சத்தமே காணோம்?" முன்னாலிருந்து குப்புராஜ் கத்தினான். "எனக்கும் மெயில் வந்துக்கினுதான் கீது. லண்டன்ல எனக்கு லாட்டரி உழுந்துச்சாம். நான் திருத்தணியையே தாண்டினதில்ல."

"ரோட்டைப் பாரு."

*

வார்ப்பாலையின் சர்வர் அறை என்பது முன்பு பேனா, பென்சில் அடுக்கி வைத்திருந்த ஒரு பொந்து. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிள்ளையார் படம், துளசிராமன். மூன்றில் பிள்ளையார் மட்டும்தான் தெம்பாக இருந்தார்.

"நான் அந்த மெயிலைத் தொடவே இல்ல சார்" என்றான் துளசிராமன். ஐந்து நாள் தாடி. "மெஷின்தான் தடுத்துது. குப்பைன்னு நெனச்சுத் தனியா எடுத்து வெச்சிடுச்சு. இப்பவும் உள்ள இருக்கு. ஆனா அந்த இடத்துக்குச் சாவி எங்கிட்ட மட்டும்தான். அதனால நான்தான் மறைச்சேன்னு எம்.டி. எழுதிக் குடுத்துட்டார்."

"தடுத்து வெச்சதை நீங்க பாக்க மாட்டீங்களா?"

"ஒரு நாளைக்கு ஆயிரம் சார். மருந்து விக்கிறவன், லாட்டரிக்காரன்..."

"லண்டன் பார்ட்டி" என்றான் குப்புராஜ்.

"மெஷினுக்கு எப்படித் தெரியும் இது குப்பைன்னு?"

"தெரியாது. நாமதான் சொல்லிக் குடுக்கணும்." துளசிராமனின் குரல் கொஞ்சம் உயிர் பெற்றது. செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது மனிதர்களுக்கு வரும் உயிர் அது. "ஆகஸ்ட் மாசம் ஒவ்வொருத்தர் மெயில் பெட்டிலயும் 'குப்பை'ன்னு ஒரு அறை வெச்சேன். வேண்டாத மெயிலை அவங்க அதுல இழுத்துப் போட்டாப் போதும். மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின் வந்து படிச்சுக்கும். இந்த மாதிரி வார்த்தை, இந்த மாதிரி ஆள்னு மனசுல வெச்சுக்கும். படிச்சதும் அந்த அறையைக் காலி பண்ணிடும். அடுத்த தடவை அதே மாதிரி வந்தா வாசல்லயே தடுத்துடும்."

"அப்ப எவனாவது வேணும்னே தப்பாச் சொல்லிக் குடுக்கலாமே?"

"முடியாது சார்!" முதுகு நிமிர்ந்தது. "மொதல்ல ஒரு மெயில் அட்ரஸ் குடுத்து, குப்பையெல்லாம் அதுக்கு அனுப்புங்கன்னுதான் சொன்னேன். ரெண்டே நாள்ல மூடிட்டேன். வெளியாளுக்கு அந்த அட்ரஸ் தெரிஞ்சா, நல்ல மெயிலா அனுப்பி அனுப்பி மெஷின் புத்தியைக் கெடுத்துடுவான். அதனாலதான் பாஸ்வேர்ட் போட்டு உள்ள வர்றவங்க மட்டும்னு மாத்தினேன். அதுலயும் ஒருத்தர் பேச்சை மெஷின் கேக்காது. வேற வேற மூணு பேர், அதுவும் பத்துப் பதினஞ்சு தடவை சொன்னாத்தான் நம்பும். எது எப்ப யார் சொன்னதுன்னு பதிவு இருக்கு."

"பஞ்சாயத்துல கையெழுத்து வாங்கற மாதிரி" என்றான் குப்புராஜ்.

"லட்சுமியம்மாள் மெயிலைக் குப்பைன்னு சொன்ன மூணு பேர் யாரு?"

துளசிராமனின் குரலில் வந்த உயிர் மறுபடி அடங்கிப்போனது. இழுப்பறையிலிருந்து மூன்று பக்கக் கத்தை ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதத்தில் லட்சுமியம்மாள் அனுப்பிய மெயில்கள் பதினாலு. விலைப்பட்டியல், சான்றிதழ், லாரி கிளம்பிய செய்தி. பதினாலும் குப்பையில். ஒவ்வொன்றுக்கும் எதிரில் அதே மூன்று பெயர். எம்.டி. ஆதிநாராயணன். கொள்முதல் மேலாளர் தணிகாசலம். ஆய்வுக்கூடம் ஸ்ரீஜா.

அசன் முகைதீன் மூன்றாவது பெயரை இரண்டு முறை படித்தார்.

"இதை ஏன் போலீஸ்ல காட்டல?"

"காட்டி? எம்.டி. பேரைச் சொல்லவா? இல்ல, செத்தவங்க தனக்குத்தானே குழி தோண்டிக்கிட்டாங்கன்னு சொல்லவா?" துளசிராமன் குரலைத் தாழ்த்தினான். "அவங்க வீட்டுக்காரர் ரெண்டு ரூம் தள்ளி உக்காந்திருக்கார் சார்."

"எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து பண்ணாங்கன்னு தெரியுமா?"

"அது பதியல. இடம் பத்தாது. ஆள் பேர் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன்."

*

ஆதிநாராயணன் எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

"கம்ப்ளெயிண்ட் குடுத்தாச்சு. நாலு மணிக்கு வராங்க. நடுவுல நீங்க எதுக்கு?"

"ஒரே கேள்விங்க. மெயில் நீங்களே பாக்கறீங்களா?"

"காலைல முதல் வேலை அதான்." ஒரு கனத்த ஃபைலைத் தட்டினார். மெயில்கள், தாளில் அச்சாகி, ஓட்டை போட்டு, கட்டி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 'பெறப்பட்டது' என்று ஊதா முத்திரை.

"இதை யாருங்க கொண்டுவந்து வைக்கறது?"

"ஆபீஸ்னா ஃபைல் மேஜைக்கு வரும். யார் வைக்கறான்னு நான் வாசல்ல நின்னு பாக்கணுமா?" அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். பேட்டி முடிந்தது.

அசன் முகைதீனின் பார்வை மேஜை ஓரத்தில் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத் தட்டியெழுப்பும் பொத்தானின்மேல் ஒரு சந்தனப் பொட்டு. சந்தனத்தின்மேல் குங்குமம். காய்ந்து, வெடித்து, ஆனால் ஒரு விரல்கூடப் படாமல்.

வராந்தாவுக்கு வந்ததும் குப்புராஜ் காதோரம் சொன்னான்: "ஆயுத பூஜை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆவுது பாய். சாமி இன்னும் கண்ணே தொறக்கல."

"அதுக்கப்புறமும் எம்.டி. பேர்ல குப்பை போட்டிருக்கு."

தணிகாசலம் ஊரில் இல்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துக்குச் சப்ளை வேலையைப் பார்ப்பவர், திங்கட்கிழமை மட்டும்தான் இங்கே வருவார். போனில் பிடித்தார்கள்.

"மெயிலா தம்பி? எனக்கு அதெல்லாம் ஓட்டத் தெரியாது. பேப்பரா டிரேல இருக்கும். திங்கக்கிழமை வந்து பாத்துக்குவேன்." பிறகு என்னவோ சொன்னார். பின்னாலிருந்த பாய்லர் அதைத் தின்றுவிட்டது.

"ஒருத்தர் சுவிட்சே போடல. ஒருத்தருக்கு ஓட்டத் தெரியாது" என்று விரலை மடக்கினான் குப்புராஜ். "மூணாவது ஆளு..." மூன்றாவது விரலை மடக்காமல் கையைக் கீழே போட்டான்.

"மூணு பேர் இல்ல குப்பு. மூணு பாஸ்வேர்ட். கை ஒண்ணுதான்."

அது நல்ல கண்டுபிடிப்பு. சொல்லும்போது அசன் முகைதீனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

*

ஆய்வுக்கூடம் விபத்து நடந்த நாளிலிருந்து பூட்டியிருந்தது. காவலாளி பூட்டைத் திறந்தான். கதவைத் தள்ளினால் பாதியில் எதையோ அரைத்துக்கொண்டு நின்றது.

தாள்கள். கதவிடுக்கு வழியாக யாரோ உள்ளே தள்ளிய தாள்கள், வாசலோரத் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. குப்புராஜ் குனிந்து அள்ளினான். எல்லாம் மெயில் அச்சுகள். ஊதா முத்திரை. பெறப்பட்டது. அடியில் இருந்ததன் தேதி நவம்பர் 22. மேலே இருந்ததன் தேதி நவம்பர் 30.

"இன்னைக்கு" என்றார் அசன் முகைதீன்.

"செத்தவங்களுக்கு டெய்லி தபால் போட்டுக்கினு கீறாங்க பாய். இன்னா பேஜாரு இது?"

உள்ளே தராசு, கண்ணாடிக் குடுவைகள், ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டு. அதன் பையில் ஒரு பேனா. மெயில் பார்க்கக் கம்ப்யூட்டர் என்று ஒன்று அந்த அறையில் கிடையாது. ஸ்ரீஜா தன் மெயிலைத் தாளில்தான் படித்திருக்கிறாள்.

அசன் முகைதீன் பதிவுக் கத்தையைப் பிரித்தார். இதுவரை லட்சுமியம்மாளின் வரிகளைத்தான் பார்த்திருந்தார். கடைசிப் பக்கத்துக்கு வரவில்லை. இப்போது வந்தார்.

நவம்பர் ஒன்பது, காலை பதினொன்று நாற்பது. மணல் வியாபாரி அனுப்பிய மெயில். எம்.டி., தணிகாசலம், ஸ்ரீஜா. மூன்று பெயரும் ஒரு நிமிட இடைவெளியில். அன்று பிற்பகல்தான் சங்கிலி அறுந்தது.

அதற்கு அடுத்த வரி நவம்பர் இருபத்திரண்டு. எம்.டி., தணிகாசலம், ஸ்ரீஜா.

குப்புராஜ் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "ஆவி வந்து கம்ப்யூட்டர் கத்துக்கிச்சா?"

"நடுவுல பாரு. பத்துலேர்ந்து இருபத்தொண்ணு வரைக்கும் ஒரு வரி இல்ல. மூணு பேருக்குமே இல்ல."

"மூணு பேரும் ஜோடி போட்டு மலைக்குப் போய்ட்டாங்களா?"

"அந்தக் கை லீவுல இருந்திருக்கு. ஒன்பதாம் தேதியைச் சேத்து எண்ணு."

குப்புராஜ் விரல் மடக்கினான். "ஒம்போது ஒண்ணு, பத்து ரெண்டு, பதினொண்ணு மூணு..." உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். போகப் போகக் குரல் மெலிந்தது. "இருபத்தொண்ணு... பதிமூணு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"பதிமூணாம் நாள் காரியம்லாம் முட்ச்சிட்டு," என்றான் குப்புராஜ், "மறுநாள் வேலைக்கு..."

அசன் முகைதீன் தாள்களை எடுத்தபடியே திரும்பத் தரையில் அடுக்கி வைத்தார். தேதி வரிசை கலையாமல். எதற்காக அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இருபது வருஷத்தில் எத்தனையோ பெயர்களைக் கண்டுபிடித்திருக்கிறார். பெயர் கிடைத்ததும் நோட்டில் எழுதி அடிக்கோடு போடுவார். இந்தப் பெயரை எழுதவில்லை.

"வேற யாராவது இருக்கலாம் இல்ல பாய்? பியூனு, கியூனு..."

"இருக்கலாம். போய்க் கேட்டுடலாம்."

"கேக்காம போய்டலாமா?"

அசன் முகைதீன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு இருபது நிமிஷம். இரண்டு அறை தள்ளித் துளசிராமன் உட்கார்ந்திருக்கிறான். பேசாமல் போனால் அவன் ஜீப்பில் ஏறுவான். பேசினால் என்ன ஆகும் என்று யோசிக்க அவர் மனம் மறுத்தது.

*

கொள்முதல் அறையில் ஸ்ரீவிஷ்ணு தனியாக இருந்தான். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ரப்பர் முத்திரை, எல்லாம் அளந்து வைத்ததுபோல.

எழுந்து நின்றான். "வாங்கோ சார். பேர் கெடைச்சுதா?"

"உக்காருங்க விஷ்ணு. எம்.டி.க்கு வர்ற மெயிலெல்லாம் யாரு பிரிண்ட் எடுக்கறது?"

"நான்தான் சார்."

பியூன் இல்லை. குப்புராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தணிகாசலத்துக்கு?"

"நான்தான். லேபுக்கும் நான்தான். மூணு பேர் பாஸ்வேர்டும் எங்கிட்ட குடுத்திருக்கா. எனக்குன்னு மெயில் கிடையாது, அசிஸ்டெண்டுக்கெல்லாம் தர மாட்டா. காலைல ஒவ்வொருத்தர் பேர்லயும் உள்ள போய், வந்ததைப் பிரிண்ட் எடுத்து, சீல் போட்டு, அவா அவா இடத்துல வெச்சுடுவேன். அவ உலைக்கூடத்துல இருந்தான்னா கதவுக்கு அடில தள்ளிட்டு வந்துடுவேன்." ஒரு கணம் நிறுத்தினான். "இப்பவும் தள்ளிண்டுதான் இருக்கேன். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதிக் குடுக்கல."

"ஆகஸ்ட்ல துளசிராமன் ஒரு சர்க்குலர் அனுப்பினாராமே, மெயிலைப் பத்தி?"

"ஆமா, நாலு பக்கம். மூணு பேருக்கும் எடுத்து வெச்சேனே."

"நீங்க படிச்சீங்களா?"

"அவாளுக்கு வந்த கடுதாசியை நான் எப்படி சார் படிக்கலாம்?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "பிரிண்ட் எடுக்கறதுதான் என் வேலை."

பேசிக்கொண்டே திரையைப் பார்த்தான். எம்.டி. பெயரில் புதிதாக ஒரு மெயில் வந்திருந்தது, எண்ணெய்க் கம்பெனியிடமிருந்து. "ஒரு நிமிஷம் சார்" என்றான். அச்சடித்தான். தாள் வெளியே வந்ததும் முத்திரை குத்தினான். பிறகு அந்த மெயிலை அம்புக்குறியால் பிடித்து, திரையின் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், 'குப்பை' என்ற சொல்லின்மேல் விட்டான்.

அறையில் பிரிண்டர் மட்டும் மூச்சுவிட்டது.

"அங்க ஏன் போட்டீங்க?" திரையைத் தொட்டுக் கேட்டார் அசன் முகைதீன்.

"பிரிண்ட் ஆயிடுத்தே சார். ஒரு பெட்டிக்குப் பத்து எம்.பி.தான் எடம். நெறைஞ்சுடுத்துன்னா வர்ற மெயில் திரும்பிப் போயிடும். இதுல போட்டா மத்தியானத்துக்கு மேல தானா காலியாயிடறது." கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான். "நான் பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு மெயில் திரும்பிப் போனதில்ல. ஒண்ணுகூடத் தவறக்கூடாது பாருங்கோ."

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

*

எம்.டி. முன்னால் வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர். கடைசியில், சட்டையை மாற்றிக்கொண்டு, போவதற்குத் தயாராகத் துளசிராமன்.

"நீங்கதான் அந்த பாயா?" என்றார் இன்ஸ்பெக்டர். "வேற பேர் ஏதோ தேடிக்கினு கீறதா இந்தக் கம்ப்யூட்டர்காரரு சொல்லிக்கினே வராரு. இருந்தா சொல்லுங்க, இல்லாட்டி நான் இவரைக் கூட்டிக்கினு போறேன். எனக்கு வேற வேலை கெடக்குது."

அசன் முகைதீன் கையிலிருந்த கத்தையை மடித்தார். துளசிராமனின் கண்கள் அவர் முகத்தைவிட்டு நகரவில்லை.

"எழுத்துல இருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கையிலிருந்த கத்தை எல்லோருக்கும் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் கை நீட்டுவதற்குள் இன்னொரு கை நீண்டது.

"குடுங்கோ சார். காப்பி எடுத்துடறேன். ஒரிஜினலைக் குடுக்கக் கூடாது." ஸ்ரீவிஷ்ணு.

அசன் முகைதீனின் விரல்கள் விடவில்லை. ஒரு விநாடி இருவரும் அதை இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள், வேடிக்கைபோல. பிறகு அவர் விட்டார். விடாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மூலையிலிருந்த நகல் இயந்திரத்தின் மூடியைத் தூக்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக வைத்து, பக்கத்துக்கு மூன்று நகல் எடுத்தான். பச்சை வெளிச்சம் ஒரு முறை ஓடியது. இரண்டு முறை. மூன்று. தாள்களை எடுத்து நுனி சேர்த்துத் தட்டினான். தேதி வரிசையைச் சரிபார்ப்பது அவன் வழக்கம். விரல் வரி வரியாகக் கீழே இறங்கியது. ஒன்பதில் நின்றது. இருபத்திரண்டுக்குப் போனது. திரும்ப ஒன்பதுக்கு வந்தது.

முந்தைய பக்கங்களை எடுத்தான். லட்சுமியம்மாளின் பெயர் இருந்த வரிகள்.

மெல்லத் திரும்பினான். அசன் முகைதீனைப் பார்க்கவில்லை.

"துளசிராமன் சார், அந்தக் குப்பைல போட்டா என்ன ஆகும்?"

துளசிராமன் எம்.டி.யைப் பார்த்தான், இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "அது... சொல்லிக் குடுக்கறதுக்கு."

"யாருக்கு?"

"மெஷினுக்கு."

"நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

தன்னைக் காப்பாற்றும் பதில் துளசிராமனின் நாக்கில்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. தலை குனிந்தான்.



ஸ்ரீவிஷ்ணு மேஜைக்கு வந்தான். நகல்களை மூன்று கட்டாகப் பிரித்து வைத்தான். முத்திரையை மைப்பட்டையில் அழுத்தி, முதல் கட்டில் குத்தினான். பெறப்பட்டது. இரண்டாவதில். மூன்றாவதில். தேதி எழுதினான்.

"இதுல மூணு பேர் இருக்கு சார்" என்றான் இன்ஸ்பெக்டரிடம். "பண்ணினது மூணு பேரும் இல்ல. எனக்கு மெயில் கிடையாதோன்னோ, அதனால என் பேர் வரல. எழுதித் தரேன்."

மூன்று கட்டிலும், முத்திரைக்குக் கீழே, கோணல் இல்லாமல் தன் பெயரை எழுதினான்.

இன்ஸ்பெக்டர் ஒன்றை வாங்கிப் படித்தார். திருப்பிப் படித்தார். எம்.டி.யைப் பார்த்து, "இதுல யாரைய்யா நான் கூட்டிக்கினு போறது?" என்றார். "அந்தக் கம்ப்யூட்டர்காரரை விட்டுட்டேன், போங்க" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். துளசிராமன் போகவில்லை.

இரண்டாவது கட்டை ஸ்ரீவிஷ்ணு ஓட்டை போட்டு ஃபைலில் கோத்தான். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே போனான்.

"விஷ்ணு" என்று கூப்பிட்டார் அசன் முகைதீன். பின்னாலேயே நடந்தார்.

வராந்தாவின் கோடியில் ஆய்வுக்கூடம். காவலாளி மறுபடி பூட்டியிருந்தான். ஸ்ரீவிஷ்ணு கதவின் முன்னால் நின்றான். எப்போதும்போல, வேட்டியைத் தூக்குவது மாதிரி பேண்ட்டை முழங்காலில் சற்று இழுத்துவிட்டுக் குந்தினான். தாள்களைக் கதவிடுக்கில் வைத்து உள்ளே தள்ளினான். முழுதும் போகும்வரை விரல் நுனியால் தள்ளினான்.

பிறகும் எழுந்திருக்கவில்லை. உள்ளிருந்து யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோல, அப்படியே உட்கார்ந்திருந்தான்.